தோட்டா மருந்தின் அளவைத் தனி எண்ணாக அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் வாழும் தமிழர்களின் ஓய்வுநேர ஈடுபாடுகளைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். ரிவால்வர் போட்டிகளில் கலந்துகொள்வோர் தங்களுக்கு வேண்டிய தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. நம்மவர் அதிகம் அறியாத ஒரு துறையை மதிப்போடு அறிமுகம் செய்ததற்கு நன்றி. ஆனால் அந்தப் பத்தியின் நடுவில், .38 ஸ்பெஷல் என்ற வகை ரிவால்வர் தோட்டா ஒன்றுக்கு இத்தனை கிரெய்ன் வெடிமருந்து போட்டால் போதும் என்று ஓர் எண் அச்சாகியிருந்தது. எந்த மருந்து, எந்த எடைக் குண்டு, மருந்து அடைக்கும் பித்தளைக் கூடு எது, அதற்குள் குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது என்ற விவரம் ஒன்றும் அதனுடன் இல்லை. அந்த எண்ணை இக்கடிதத்தில் நான் திரும்ப எழுதப்போவதில்லை. ஒரு மருந்துக்கு அது மிதமான அளவாக இருக்கும். இன்னொரு மருந்துக்கு அதுவே குண்டைக் குழலுக்குள் சிக்கவைக்கும். வேறொன்றுக்கு வரம்பை மீறிய அளவாகிவிடும்.

நான் ஒகையோ மாநிலத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக ரிவால்வர் போட்டிகளில் பங்கேற்று, என் தோட்டாக்களை நானே நிரப்பி வருகிறேன். கிரெய்ன் என்பது எவ்வளவு சிறிய எடை என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன்கள் உள்ளன. ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். நம் ஊர்ப் பொற்கொல்லர்கள் குன்றிமணியை எடைக்கல்லாக வைத்து நிறுத்த காலத்தில், ஒரு குன்றிமணியின் எடை ஏறத்தாழ இரண்டு கிரெய்னுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இலக்குப் போட்டிக்கான .38 ஸ்பெஷல் தோட்டாவில் இடும் வேகமாக எரியும் மருந்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு குன்றிமணி எடைக்குள் அடங்கிவிடும். அந்த அளவில் கால் குன்றிமணி கூடுவதும் குறைவதும் பெரிய மாற்றம். சமையலில் கைப்பக்குவம் என்றும் கண்ணளவு என்றும் நாம் பெருமையாகச் சொல்வதற்கு இந்த வேலையில் சிறிதும் இடமில்லை.

அளவு சிறியது, ஆனால் அது போய் உட்காரும் கூடு பெரியது. தங்கள் கட்டுரை தொடாமல் விட்ட செய்தி இதுதான். .38 ஸ்பெஷல் 1898-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கொண்டுவந்த தோட்டா. அந்நாளில் அதற்குள் 21 கிரெய்ன் கரிமருந்து அடைத்து, 158 கிரெய்ன் ஈயக் குண்டை மேலே வைத்தார்கள். கரிமருந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள் என்பதால் கூட்டை நீளமாகச் செய்தார்கள். பின்னர் வந்த புகையற்ற மருந்து மிகக் குறைந்த இடத்தில் அதே வேலையைச் செய்தது. கூடு மட்டும் பழைய நீளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே இன்று இலக்குப் போட்டிக்கென நிரப்பிய கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால், அடியில் மெல்லிய படலமாகத்தான் மருந்து தெரியும். மீதி இடம் வெற்றிடம். தவறிப்போய் இரண்டாம் முறை மருந்து விழுந்தாலும் கூடு நிரம்பி வழியாது. சில மருந்துகளில் மூன்று மடங்குகூட உள்ளே அடங்கிவிடும். மேலே குண்டை அழுத்திவிட்டால் அந்தத் தோட்டாவும் மற்றத் தோட்டாக்களைப் போலவே இருக்கும். கையில் எடுத்து எடை பார்த்தாலும் தெரியாது, ஏனெனில் கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு உள்ள எடை வேறுபாடே அந்தச் சிறு மருந்தின் எடையை மறைத்துவிடும்.

மருந்தை இரு மடங்காக்கினால் அழுத்தமும் இரு மடங்காகும் என்று எண்ணுவது பெரும் பிழை. அழுத்தம் கூடக்கூட மருந்து இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிவதால் அழுத்தம் மேலும் கூடும். .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பு வகுத்துள்ள உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, 1935-இல் வந்த .357 மேக்னத்துக்கு அது 35,000 பவுண்டு. குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே. மேக்னம் தோட்டா பழைய .38 ரிவால்வரின் அறைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அதன் கூட்டை 0.135 அங்குலம், அதாவது மூன்றரை மில்லிமீட்டர் அளவு, நீளமாக வைத்தார்கள். வடிவமைத்தவர்கள் இவ்வளவு முன்யோசனையோடு போட்ட வேலியை, நிரப்புபவரின் ஒரு நொடிக் கவனக்குறைவு தாண்டிவிடும். அப்போது ரிவால்வரில் தோட்டாக்கள் அமரும் சுழல் உருளையான சிலிண்டரின் மேற்பக்கம் பிளந்து, அதற்கு மேலுள்ள துப்பாக்கிச் சட்டகத்தின் பட்டை வளைந்து எழும். சுடுபவரின் கைகளும் கண்களும் அதற்கு மிக அருகில் இருக்கின்றன. பக்கத்தில் நிற்பவர்களும் தப்புவதற்கில்லை.

இதை நான் எட்டியிருந்து சொல்லவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை உள்ளூர்ப் போட்டியில், என் ஆறாவது இலக்கை நோக்கி விசையை இழுத்தபோது வழக்கமான ஓசை வரவில்லை. ஈரப் பட்டாசு போல 'பொத்' என்று ஒரு சத்தம். கையில் உதைப்பே இல்லை. போட்டியின் வேகத்தில் என் விரல் அடுத்த இழுப்புக்குத் தயாராகிவிட்டது. பின்னால் நின்ற நடுவர் "நிறுத்து" என்று கத்தியிராவிட்டால் நான் மறுபடி சுட்டிருப்பேன். சிலிண்டரைத் திறக்க முயன்றோம், திறக்கவில்லை. குண்டின் பாதி குழலின் வாயிலும் மீதி சிலிண்டரின் முகப்பிலுமாக மாட்டிக்கொண்டு இரண்டையும் பூட்டிவைத்திருந்தது. பித்தளைக் கம்பி ஒன்றைக் குழலின் முன்பக்கமாக விட்டு, மரச் சுத்தியால் மெல்லத் தட்டிக் குண்டைப் பின்னுக்குத் தள்ளிய பிறகே சிலிண்டர் விலகியது. அந்தக் கூட்டுக்குள் மருந்தே விழுந்திருக்கவில்லை. கூட்டின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் சிறு வெடிப்பு மட்டுமே குண்டை அவ்வளவு தூரம் நகர்த்தியிருந்தது. பிரைமர் சற்று வலுவாக இருந்து குண்டு இன்னும் ஒரு விரற்கடை முன்னே போயிருந்தால் சிலிண்டர் தடையின்றிச் சுழன்றிருக்கும். அடுத்த குண்டு அடைபட்ட குழலுக்குள் பாய்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் என் மனத்தை அரித்த கேள்வி வேறு. ஒரு கூட்டுக்கு மருந்து விழவில்லை என்றால், அதற்குச் சேர வேண்டியது எங்கே போனது? அதே நாளில் நிரப்பிய தோட்டாக்களில் இருநூற்றுக்கு மேல் மீதி இருந்தன. சுத்தியல் வடிவிலான பிரிப்பான் ஒன்றில் ஒவ்வொரு தோட்டாவாகப் பொருத்தி, கட்டையில் தட்டி, குண்டையும் மருந்தையும் பிரித்து எடுத்து, மருந்தைத் தனித்தனியாக நிறுத்தேன். இரண்டு மாலைகள் பிடித்தன. நூற்றுநாற்பதை நெருங்கும்போது ஒரு தோட்டாவிலிருந்து கொட்டிய மருந்து தட்டில் வழக்கத்தைவிடக் குவிந்து நின்றது. நிறுத்துப் பார்த்தேன், மிகச் சரியாக இரு மடங்கு. நிரப்பிய அன்று பிரைமர் ஊட்டும் குழாய் சிக்கியதால், கூடுகளைச் சுழல்தட்டில் கட்டம் கட்டமாக நகர்த்தி நிரப்பும் பொறியை நடுவில் நிறுத்தி, தட்டிலிருந்த கூடுகளை வெளியே எடுத்து, சிக்கலைச் சரிசெய்து, மீண்டும் வைத்தது நினைவுக்கு வந்தது. வைக்கும்போது இரண்டு கூடுகளை இடம் மாற்றி வைத்திருக்கிறேன். மருந்து பெற்ற கூடு மறுபடி மருந்துக் கட்டத்துக்குப் போனது. பெறாத கூடு அதைத் தாண்டி நேராகக் குண்டுக் கட்டத்துக்குப் போனது. அந்த இரண்டாம் தோட்டா முதலில் என் சிலிண்டருக்குள் வந்திருந்தால், இக்கடிதத்தை எழுத எனக்கு விரல்கள் மிஞ்சியிருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து என் விதி ஒன்று: பொறியின் ஓட்டம் எக்காரணத்தால் தடைபட்டாலும், தட்டில் உள்ள எல்லாக் கூடுகளிலிருந்தும் மருந்தைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். பெரும்பாலான மாலைகளில் இப்போது ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்யும் ஒற்றைக் கட்டப் பொறியையே பயன்படுத்துகிறேன். ஐம்பது குழிகள் உள்ள மரப்பலகையில் கூடுகளை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றுக்கும் மருந்து இட்டபின், சிறு கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கூடு விடாமல் உள்ளே பார்த்த பிறகே முதல் குண்டைக் கையில் எடுப்பேன். பக்கத்துப் பக்கத்துக் கூடுகளில் மருந்தின் மட்டம் வேறுபட்டால் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். இயன்ற இடத்தில், கூட்டில் பாதிக்கு மேல் நிரம்பும் அளவுக்குப் பருமனான மருந்தைத் தேர்ந்தெடுக்கிறேன். அப்படிப்பட்ட மருந்து இரண்டாம் முறை விழுந்தால் கூடு வழிந்து, தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பாதுகாப்பான மருந்தளவைத் தேர்வது என்றால் எடையைத் தேர்வது என்றே பலரும் எண்ணுகிறார்கள்; எந்த மருந்து என்ற தேர்விலேயே பாதிப் பாதுகாப்பு முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து.

மருந்தின் பெயரிலும் வழுக்கும் இடங்கள் பல. ரெட் டாட், கிரீன் டாட், புளூ டாட் என்று ஒரே நிறுவனத்தின் மூன்று மருந்துகள் உண்டு; மூன்றின் எரிவேகமும் வேறு வேறு. எச்பி-38 என்பது கைத்துப்பாக்கிக்கான வேகமான மருந்து. எச்380 என்பது ரைஃபிளுக்கான மெதுவான மருந்து. நேர்மாறாக, எச்பி-38-உம் டபிள்யூ 231-உம் பெயர் வேறானாலும் ஒரே மருந்துதான். தங்கள் கட்டுரையைப் போலப் பெயரே சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் படிப்பவர் எதை எடுப்பார்? வேலை மேசையின் மீது எப்போதும் ஒரு மருந்துப் புட்டி மட்டுமே இருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே. மாலை முடிந்ததும் எஞ்சிய மருந்தை அதன் சொந்தப் புட்டியில் கொட்டி மூடிவிட வேண்டும். பெயரில்லாத டப்பாவில் கிடைத்த மருந்து எவ்வளவு இருந்தாலும் அதைப் பயன்படுத்தவே கூடாது.

"அளவைக் குறைத்தால் ஆபத்தில்லை" என்று தங்கள் கட்டுரையில் வந்த வாக்கியத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது. தோட்டா நிரப்பும் கையேட்டில் உள்ள உச்ச அளவிலிருந்து பத்து விழுக்காடு குறைத்துத் தொடங்கு என்பது பொதுவான பழக்கம்; பெரும்பாலும் அது சரியே. ஆனால் மேக்னம் தோட்டாக்களுக்கான எச்110 என்ற மெதுவான மருந்தை, அச்சிட்ட அளவிலிருந்து மூன்று விழுக்காட்டுக்கு மேல் குறைக்காதீர்கள் என்று அதன் விற்பனை நிறுவனமே எச்சரித்துள்ளது. குறைத்தால் அது சீராகப் பற்றாமல் குண்டைக் குழலில் நிறுத்திவிடக்கூடும். செப்பு உறையிட்ட குண்டு ஈயக் குண்டைவிடக் குழலில் அதிகம் உராய்வதால், ஈயத்துக்குப் பொருந்திய மெல்லிய அளவு உறைக் குண்டுக்குப் போதாமல் அதுவும் நடுவழியில் நின்றுவிடும். ஆகவே கையேட்டில் தொடக்க அளவு என்று போட்டிருப்பதும் ஒரு வரம்புதான். அதற்குக் கீழே இறங்குவதும் மீறல்தான்.

குண்டை இறக்கும் ஆழத்தைப் பற்றி ஒரு சொல்கூட அந்தப் பத்தியில் இல்லை. காகித இலக்கில் பொத்தான் அளவுக்கு வட்டமாக வெட்டிச் செல்லும் 148 கிரெய்ன் வாட்கட்டர் குண்டு, கூட்டின் வாயோடு வாயாக முழுவதும் உள்ளே இறங்கும். அதற்கென வகுத்த அளவுகள் அந்தக் குறைந்த இடத்தைக் கணக்கில் கொண்டவை. கூர்முனைக் குண்டுக்கு வகுத்த அளவை இட்டு, மேலே வாட்கட்டரை ஆழ இறக்கினால், மருந்து எரியும் இடம் சுருங்கி அழுத்தம் எகிறும். வேகமாகத் தோட்டா மாற்ற வேண்டும் என்பதற்காக, .357 ரிவால்வரில் குட்டையான .38 ஷார்ட் கோல்ட் கூட்டைப் பயன்படுத்துவோரும் இப்போட்டிகளில் உண்டு. அந்தக் கூட்டின் நீளம் 0.765 அங்குலம்; .38 ஸ்பெஷலினது 1.155 அங்குலம். நீளக் கூட்டின் எண்ணைக் குட்டைக் கூட்டுக்கு எடுத்துச் செல்வது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த இரு எண்களே சொல்லிவிடும்.

கையேடும் பழையதாகிவிடும். .357 மேக்னத்தில் 125 கிரெய்ன் குண்டுடனும், .41 மேக்னத்தில் எந்தக் குண்டுடனும் புளூ டாட் மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதைத் தயாரிக்கும் அல்லயன்ட் நிறுவனம் 2008-இல் அறிவித்தது. அதற்கு முன் அச்சான கையேடுகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. மருந்து நிறுவனத்தின் இன்றைய பட்டியலோடு ஒப்பிடாமல் ஒரு பக்கத்தையும் நம்பக் கூடாது.

இனி போட்டியின் இழுப்பைப் பற்றி. குண்டின் எடையைக் கிரெய்னிலும், வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வருவதை ஆற்றல் எண் என்கிறார்கள். அமெரிக்கச் செயல்முறைத் துப்பாக்கிச் சங்கத்தின் ரிவால்வர் பிரிவில் குறைந்தபட்சம் 125 வேண்டும்; உயர் பிரிவுக்கு 165. 158 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 800 அடி வேகத்தில் போனால் 126.4 வரும்; 780 அடியில் போனால் 123.2 தான் வரும், அன்றைய மதிப்பெண் முழுவதும் போய்விடும். உதைப்புக் குறைவாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் அந்தக் கோட்டை ஒட்டியே நிரப்புகிறார்கள். பிறகு பெரிய போட்டிக்கு முந்தைய இரவில் அச்சம் பிடித்துக்கொள்கிறது. குளிர்நாளில் வேகம் குறைந்துவிடுமோ என்று, வேகமானியில் அளந்து பார்க்காமலேயே மருந்தை அளந்து இடும் கருவியைச் சற்றுத் திருகி ஏற்றுகிறார்கள். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்; மிகவும் வருந்துகிறேன். 130 ஐத் தொட்டுவிடும் நிதானமான ஒரு அளவை, கையேட்டின் வரம்புக்குள், மாதங்களுக்கு முன்பே அளந்து முடிவு செய்துகொண்டால் இந்தப் பதற்றமே எழாது. அந்த நாலைந்து புள்ளி கூடுதல் உதைப்பால் பரிசு இழந்தவர் எவரையும் நான் அறியேன்.

கூட்டைப் பார்த்து அழுத்தத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் .38 ஸ்பெஷலில் செல்லாது. பிரைமர் தட்டையாவதும், சுட்ட கூடு அறையில் ஒட்டிக்கொள்வதும் இந்தத் தோட்டாவின் வரம்பை வெகுதூரம் கடந்த பிறகே தெரியும் அடையாளங்கள். அவை தெரியவில்லை என்பதால் அளவு சரி என்று முடிவுகட்டி மேலே ஏற்றிக்கொண்டே போவது, மூழ்கும் வரை ஆழம் பார்க்கும் செயல்.

தராசைப் பற்றியும் ஒன்று. நகைக் கடையில் நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, கண்ணாடிப் பெட்டியை மூடுவார்கள் அல்லவா? இங்கும் அதே நிலைதான். குளிர்சாதனக் காற்று படும் இடத்தில் மின்னணுத் தராசு பத்தில் இரண்டு மூன்று கிரெய்ன் தடுமாறுவதை நானே பார்த்திருக்கிறேன். சோதனை எடைக்கல்லை வைத்து, தொடங்கும் முன்பும் பத்துப் பதினைந்து தோட்டாக்களுக்கு ஒருமுறையும் சரிபார்க்க வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகக் குறிப்பிட்டுவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில், சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்புவதற்கு உரிமம் தேவையில்லை; விற்பதற்காகச் செய்தால் தேவை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். தங்கள் நாளிதழைப் பெரும்பான்மையாகப் படிப்பவர்கள் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் என்பதால், கட்டுரையிலேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. இணையப் பதிப்பில் இன்னும் இருக்கும் அந்த எண்ணையும், அளவைக் குறைப்பதில் ஆபத்தில்லை என்ற வாக்கியத்தையும் உடனே நீக்குங்கள். அச்சுப் பதிப்பில், அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மருந்தளவை மருந்து நிறுவனத்தின் இப்போதைய பட்டியலிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். இம்மாநிலத்தில் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் தமிழ் இளைஞர்கள் மூவரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் தங்கள் கட்டுரையை வெட்டியெடுத்து, தன் வேலை மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தார். சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது அதை நான் கண்டேன்; அவர் அனுமதியோடு கிழித்துவிட்டு வந்தேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஒகையோ மாநிலம், அமெரிக்கா